மலையகப் பாடலும் உரிமையுணர்வும்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் பாடல்களை ஆராய்ந்தோர் பலர், அவற்றை அவலத்தின் வெளிப்பாடாகவே மதிப்பிட்டுள்ளனர். இம்மதிப்பீடு தவறன்று, ஆயின் நிறைவானதுமன்று. அவலத்தைப் பாடுதல் ஒன்று. அவ்வவலத்தை அநீதியென இனங்காணுதல் பிறிதொன்று. முன்னையது பின்னையதாக மாறிய விதமே ஈண்டு நோக்கற்பாலது.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. இவ்வகை வாய்மொழிப் பாடல்களில் லயத்து வாழ்வும், பிரட்டுக்களத்து அச்சமும், அரைப்பேர் போடும் கொடுமையும் இடம்பெறுகின்றன. கங்காணியும் துரையும் எள்ளலுக்கு இலக்காகின்றனர். எள்ளல் அச்சத்தைத் தளர்த்துகின்றது. எனினும் ஒடுக்குபவனைக் காட்டுமளவுக்கு, அவனை இயக்கும் அமைப்பை அது காட்டுவதில்லை.

அடுத்த படியை மீனாட்சியம்மாளின் பாடல்களிற் காணலாம். கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். அவருடைய மனைவியாரான மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். 1939இல் அரசாங்கப் பகுதிகளில் நாட்கூலிக்குப் பணிபுரிந்த இந்தியர்கள் நீக்கப்பட்ட சூழலில், 1940இல் அவருடைய பாடல்கள் நூலுருப் பெற்றன. இங்கே பாடலின் முன்னிலை மாறுகின்றது. கங்காணியை நோக்கிய முறையீடு, ஆட்சியாளரை நோக்கிய கேள்வியாகின்றது. 'என் விதி' என்பது 'எம் உரிமை' ஆகின்றது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல்கள் குடியுரிமைப் போராட்டப் பாடல்களாகியமை இதனோடு ஒப்பிடத்தக்கது. கேட்போன் உடன்பாடும்போது, பிறர் கூற்று அவனது சொந்தக் கூற்றாகிவிடுகின்றது. தனிமனித நோக்கு மாறும் இடம் இதுவே.

இப்பாடல்களுக்கு ஓர் எல்லையும் உண்டு. அவை உரிமையை 'இந்தியர்' என்ற பெயரிற் கோரின. 1948இன் குடியுரிமைச் சட்டம் மக்களை நாடற்றோராக்கியபோது, அப்பெயரே அவர்களை அந்நியராகக் காட்டப் பயன்பட்டது. 1964இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேயே வந்தது. இடைப்பட்ட காலத்தில் 'மலையகத்தார்' என்ற தன்னுணர்வு வளர்ந்தமை, பழைய பாடல் விட்டுச்சென்ற வெற்றிடத்தை நிரப்பியது எனலாம்.

பாடல் சட்டத்தை மாற்றுவதில்லை. சட்டத்தை விதியென ஏற்க மறுக்கும் மனத்தையே அது ஆக்குகின்றது. ஆதலின், பாடற்றொகுப்பாளர் சொற்களை மட்டுமன்றி, பாடியவர் யார், எவர் முன்னிலையிற் பாடினார் என்பனவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். அவையின்றேல் எதிர்ப்புக் குரலும் ஒப்பாரியாகவே வாசிக்கப்படும்.