முதுமையும் மேடையும்: 'த கியூர்' குழுவின் லண்டன் நிகழ்வு பற்றிய ஒரு நோக்கு

இளமையின் சீற்றத்திலே பிறந்த கலை முதுமையை எவ்வாறு எதிர்கொள்கின்றது? றொக் இசையைப் பொறுத்தவரை இவ்வினா இன்று தவிர்க்கவொண்ணாததாகியுள்ளது. 1976–77 காலப்பகுதியிற் பிரித்தானியாவில் எழுச்சிபெற்ற 'பங்க்' இசை, முன்னைய தலைமுறையினரின் பகட்டையும் நீண்ட வாத்திய வித்தைகளையும் நிராகரித்தது. அதனையடுத்துப் பரவியதே 'புதிய அலை'. அவ்வலையிலே தோன்றிய குழுக்கள் சில இன்றும் மேடையேறுகின்றன. அன்று மூத்தோரை எள்ளியோர், இன்று தாமே மூத்தோராய் நிற்கின்றனர்.

இத்தகைய நிகழ்வுகளிற் பெரும்பாலும் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் நிலவுகின்றது. அவையோர் நாடிவருவது தமது இளமையையே. குழுவினர் அதனைப் பழைய பாடல்களின் வடிவிலே திருப்பியளிப்பர். புதிய பாடல்கள் இடையிடையே பொறுத்துக்கொள்ளப்படும். இங்கு கலைஞன் தனது கடந்தகாலத்தின் காவலாளியாகிவிடுகிறான்.

2024 நவம்பர் 1ஆந் திகதி லண்டன் 'ட்றொக்சி' அரங்கிலே த கியூர் குழு நிகழ்த்திய கச்சேரி இவ்வொப்பந்தத்தைத் தலைகீழாக்கியது என்பதே அதன் முக்கியத்துவமாகும். ஏறத்தாழ மூன்று மணிநேரம் நீடித்து, 31 பாடல்களைக் கொண்டமைந்த அந்நிகழ்வு இணையவழியாக உலகெங்கும் ஒளிபரப்பப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் குழு வெளியிட்ட புதிய தொகுதியான 'சோங்ஸ் ஒவ் எ லொஸ்ற் வேர்ல்ட்' அன்றுதான் வெளியாயிற்று. அதன் எட்டுப் பாடல்களும் வரிசை மாறாது முதலிலே இசைக்கப்பட்டன. அறியப்பட்ட பாடல்களுக்காகக் காத்திருந்தோர், முதலில் அறியாதவற்றைச் செவிமடுக்க வேண்டியவராயினர்.

அப்பாடல்களின் பொருள் இழப்பும் மூப்புமாகும். பெற்றோரையும் தமையனையும் இழந்த றொபேட் ஸ்மித், அறுபத்தைந்தாவது வயதில் அவற்றைப் பாடினார். தமையனின் மறைவைப் பாடும் பாடலிலே துயரம் அணிகளின்றி நேராக ஒலித்தது. சைமன் கலப்பின் கனத்த பாஸ் கிற்றார் ஒலி அதற்கு அடித்தளமாயிற்று.

பின்னர் 1980இல் வெளிவந்த 'செவன்ரீன் செக்கன்ட்ஸ்' தொகுதியின் பாடல்கள் ஒலித்தபோது அவற்றின் பொருளே மாறியிருந்தது. இருபதை ஒட்டிய வயதிலே ஸ்மித் எழுதிய தனிமையும் அச்சமும் அக்காலத்தில் இளமைக்குரிய மனநிலையாகக் கொள்ளப்பட்டிருக்கலாம். மெய்யான இழப்பின் பாடல்களைத் தொடர்ந்து கேட்கையில், அவை வாழ்வு பின்னர் மெய்ப்பித்த முன்னுணர்வுகளாகத் தோன்றின. இவ்வாறு நிகழ்காலம் கடந்தகாலத்துக்கு விளக்கவுரையாயிற்று. பழமையில் தோய்தலுக்கும் பழமையை மறுவாசிப்புச் செய்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

குறைகளும் இல்லாமலில்லை. புதிய பாடல்களின் நீண்ட வாத்திய முன்னிசைகளும் ஒரேதன்மைத்தான மந்தகதியும் சிலவிடத்து அயர்ச்சி தருவன. புதிய அலை எதிர்த்த விரிவு இங்கு மீண்டும் தலைகாட்டுகின்றதோ எனும் ஐயம் நியாயமானதே. ஆயினும் முன்னையோரின் விரிவு வித்தையைக் காட்டுவதற்கானது. இவ்விரிவு துயரம் உட்புக அவகாசம் தருவதற்கானது. இறுதியிலே 1979ஆம் ஆண்டின் 'போய்ஸ் டோன்ற் கிறை' முதலிய துள்ளலான பாடல்கள் ஒலித்தன. ஆண்மகன் அழலாகாது எனும் வழமையை எள்ளிய அப்பாடலை, அழுகையை மறைக்காத முதியவர் பாடியமை அதன் எள்ளலுக்குப் புதிய கூர்மையளித்தது.

கலையின் நேர்மையை மேடையில் மட்டுமன்றி நுழைவாயிலிலும் அளக்கவேண்டும். 2023ஆம் ஆண்டின் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இக்குழு அனுமதிச்சீட்டுகள் சிலவற்றின் விலையை 20 டொலர் அளவிற்குக் குறைத்திருந்தது. விற்பனை நிறுவனத்தின் மேலதிகக் கட்டணங்கள் சிலவேளை அவ்விலையையே விஞ்சியபோது ஸ்மித் வெளிப்படையாக எதிர்த்தார். விளைவாக, மிகக் குறைந்த விலைச் சீட்டுப் பெற்றோரின் கணக்கொன்றுக்கு 10 டொலரும் ஏனையோருக்குச் சீட்டொன்றுக்கு 5 டொலரும் மீளளிக்கப்பட்டன. தொகை சிறிது, எனினும் பழைய நினைவைப் பெருவிலைக்கு விற்கும் சந்தையிலே, இளையோரும் வறியோரும் அரங்கினுள் வரவேண்டும் எனும் நிலைப்பாடு பெரிது. அவர்கள் வராத அரங்கு, ஒரு தலைமுறை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகவே எஞ்சும்.

மூத்த கலைஞன் இளைஞனாக நடிக்கவேண்டியதில்லை. தன் இளமையைப் பேணும் காட்சிச்சாலையாகவும் வேண்டியதில்லை. தன் வயதிலே நின்று பாடுவானாயின், அவன் பழைய பாடலும் புதிதாகும். ட்றொக்சி அரங்கு உணர்த்திய உண்மை இதுவெனலாம்.