யாரும் மீட்டாத காந்தாரம்

கச்சேரி தொடங்கும் முன் தம்புரா மட்டும் ஒலிக்கிற அந்த இரண்டு நிமிடத்தை நம்மில் பலர் நாற்காலி தேடுவதிலும் நலம் விசாரிப்பதிலும் கழித்துவிடுகிறோம். கொஞ்சம் காது கொடுத்தால் அங்கேயே ஒரு கச்சேரி நடப்பது தெரியும். குதிரையின் மேல் ஜீவாளி நூல் சரியாக உட்கார்ந்துவிட்டால், மந்தர சட்ஜத்துக்குள்ளிருந்து ஒரு காந்தாரம் மெல்லக் கிளம்பி வரும். சட்ஜத்தைப் போல ஐந்து மடங்கு வேகத்தில் அதிர்கிற சுரம் அது. அதை யாரும் மீட்டவில்லை. அதனால்தான் சுயம்பு காந்தாரம் என்கிறார்கள்.

அந்தக் காந்தாரத்தைக் கேட்டு ரசிக்கத் தெரிந்தவருக்கு எலக்ட்ரானிக் இசை அந்நியமான சங்கதியே அல்ல என்பது என் கட்சி. ராகம், தாளம், சாகித்யம் எதையும் பற்றிக்கொள்ளாமல் ஓர் ஒலி எப்படிப் பிறக்கிறது, எப்படித் தடிக்கிறது, எப்படி ஓய்கிறது என்று பார்ப்பதுதான் அந்த இசைக்கு வேண்டிய ரசனை. அந்த ரசனை நமக்குத் தம்புராவிலேயே பழகியிருக்கிறது.

இதற்குச் சாட்சியாக நான் நீட்டுவது 2023இல் லண்டனிலிருந்து ‘ஸ்டேட்51 கான்ஸ்பிரஸி’ நிறுவனம் வெளியிட்ட ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்ற தொகுப்பை. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அதாவது என்ஐடியில், 1969 முதல் 1972 வரை பதிவான எலக்ட்ரானிக் இசை இது. பிரிட்டிஷ் ஒலிக்கலைஞர் பால் பர்கஸ் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து நாடாச் சுருள்களைத் தேடி எடுத்து, 2020இல் பிபிசி ரேடியோ 3க்காக ‘எலக்ட்ரானிக் இந்தியா’ என்ற நிகழ்ச்சியைச் செய்தார். ஆல்பம் அதற்குப் பிறகு வந்தது. அரை நூற்றாண்டு காலம் இந்த இசைக்குக் கேட்பவரே இல்லை.

முன்கதை சாராபாய் குடும்பத்தில் தொடங்குகிறது. அகமதாபாத்தின் காலிகோ மில்லுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்கள். விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாயை நமக்குத் தெரியும். விக்ரமின் உடன்பிறந்தவர்களான கௌதமும் கிராவும் 1961இல் வடிவமைப்பு நிறுவனம் உருவாகக் காரணமானவர்கள். இன்னொரு சகோதரி கீதா, பெண்கள் தொடாத பக்காவஜ் என்ற தாளக் கருவியைக் கையில் எடுத்தவர். 1946இல் நியூயார்க் போன கீதா, மேற்கத்திய இசையைக் கற்க அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜை அணுகினார். கேஜ் கட்டணம் கேட்கவில்லை. பதிலுக்கு இந்திய இசையைச் சொல்லித்தரும்படி கேட்டார். இசை மனத்தைத் தணித்து, தெய்விகத்தை ஏற்கும்படி பண்படுத்துவதற்காக என்று தன் குரு சொன்னதைக் கீதா அவரிடம் சொல்ல, கேஜ் அதை வாழ்நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1952இல் கேஜின் பெயர்போன மௌனப் படைப்பை, ஒரு சுரம்கூட வாசிக்காத நான்கு நிமிடம் முப்பத்து மூன்று நொடியை, மேடையில் முதன்முதலில் நிகழ்த்தியவர் டேவிட் டியூடர் என்ற பியானோ கலைஞர். அதே டியூடர்தான் 1969இல் அகமதாபாத் வந்து, மோக் சின்தசைசரையும் டேப் ரிக்கார்டர்களையும் வைத்து ஸ்டூடியோவை அமைத்துக் கொடுத்தார். கீதா கொண்டுபோன ஒரு வாக்கியம் இருபத்து மூன்று ஆண்டு கழித்துக் கம்பிகளும் குமிழ்களுமாக வீட்டுக்குத் திரும்பியது என்று சொல்லலாம்.

மோக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ராபர்ட் மோக் 1964இல் உருவாக்கிய இந்தக் கருவியில் எல்லாமே மின்னழுத்தத்தின் ஆட்சி. ஒரு பெட்டி அதிர்வை உண்டாக்கும். அடுத்த பெட்டி அதன் மேல்சுரங்களைச் சீவி எடுக்கும். இன்னொன்று ஒலி எவ்வளவு வேகமாக எழ வேண்டும், எவ்வளவு மெதுவாக விழ வேண்டும் என்று தீர்மானிக்கும். பெட்டிக்குப் பெட்டி ஒயர் மாட்டினால்தான் சத்தமே வரும். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். அரை வோல்ட், கால் வோல்ட் என்று எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், நிறுத்தாமலும் வழுக்கிக்கொண்டு போகலாம். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் பாடும். ஹார்மோனியத்தைத் திட்டித் தீர்த்த நம் ஊர் வித்வான்களுக்கு இதைக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கட்டைகளுக்கு இடையே பள்ளம் இல்லாத கருவி, ஜாருவும் கமகமும் தடையில்லாமல் வரக்கூடிய கருவி, ஒற்றைக் குரலில் பாடும் கருவி. மேற்கத்தியருக்கு அது ஒரு குறை, கார்டு வாசிக்க முடியாதே என்று. நமக்கு அது குறையே இல்லை.

இந்த ஆல்பத்தை நான் நிதானமாகக் கேட்டது கொல்லிமலையில். காரவல்லியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இடம் ஒத்தாசை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். மேல்படியில் நிற்கும்போது அருவி ஓர் ஆழ்ந்த உறுமல் மட்டுமே. மரங்களும் பாறைத் திருப்பங்களும் காற்றும் வேகமான அதிர்வுகளையெல்லாம் வழியிலேயே விழுங்கிவிடுகின்றன. இறங்க இறங்க அந்த உறுமலுக்கு மேல் ஒரு சலசலப்பு சேரும், அதற்கு மேல் ஒரு சீறல், கீழே போய்ச் சேரும்போது எல்லா அலைவரிசையும் ஒன்றாக முகத்தில் அறையும். மோக் கருவியின் இரைச்சல் ஊற்றை ஃபில்டர் வழியாக விட்டு, குமிழை மெதுவாகத் திறந்தால் நடப்பது அணுப் பிசகாமல் இதேதான். அகமதாபாத் ஸ்டூடியோவில் இசை செய்தவர்களில் ஒருவரான எஸ். சி. சர்மாவின் ‘விண்ட் அண்ட் பபிள்ஸ்’ துண்டைப் படியேறி வந்த அன்று மாலை கேட்டபோது, சத்தம் என்று ஒதுக்க எதுவும் அதில் மிச்சமில்லை. இரைச்சலுக்கும் மேல்ஸ்தாயி கீழ்ஸ்தாயி உண்டு, அதற்கும் ஆரோகணம் உண்டு.

ஐ. எஸ். மாத்தூர்தான் இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தவர். ‘ஒன்ஸ் ஐ பிளேய்ட் எ டான்புரா’ என்ற தலைப்பிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. ஒரு காலத்தில் தம்புரா வாசித்தேன் என்கிறார். மின்சாரம் வந்த பிறகு தம்புரா என்னவாகும் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல அவசரப்படுவதில்லை. சுருதியை நிற்கவைத்துவிட்டு, அதன் உள்ளேயே நடமாடுகிறார். ‘மை பேர்ட்ஸ்’ இன்னும் துணிச்சலானது. கருவியைக் கீச்சிடவும் சிலும்பவும் விட்டிருக்கிறார். குயிலென்றோ கிளியென்றோ நம்மை ஏமாற்றப் பார்க்கவில்லை. இவை என் பறவைகள், ஒயரில் பொரித்தவை என்கிற தோரணை. வெளியே நிஜமான சிள்வண்டும் தவளையும் கத்திக்கொண்டிருந்த இரவில் இதைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டபோது, ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை. சிள்வண்டு மேலே ஒரு வரிசையில், தவளை கீழே ஒரு வரிசையில், மாத்தூரின் பறவைகள் நடுவே கிடைத்த இடத்தில்.

இந்த மலைக்கு இதில் வியப்பு இருக்காது. பூதம் செய்து வைத்ததாக நற்றிணை பேசும் கொல்லிப் பாவை இங்கேதான் நிற்கிறாள். காற்றும் மழையும் இடியும் அவள் வடிவைக் குலைப்பதில்லை. பிற்காலக் கதைகளில் அவள் தானாகவே சிரிக்கிறாள், சிரித்துக் கொல்கிறாள். செய்யப்பட்ட ஒன்று தானே ஒலி எழுப்பினால் உண்டாகும் ஈர்ப்பும் அச்சமும் நமக்கு மிகப் பழையவை.

சர்மாவின் ‘டான்ஸ் மியூசிக்’ துண்டுகளில் ஒரே துடிப்பு விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. பதினைந்து இருபது ஆண்டு கழித்து டெட்ராய்ட் டெக்னோ என்ற நடன இசை எடுத்துக்கொண்ட பாதையை இவர் முன்பே மிதித்துவிட்டார் என்று வெளிநாட்டு விமர்சகர்கள் வியக்கிறார்கள். எனக்கு யார் முதலில் என்ற இந்தப் போட்டியில் ருசியில்லை. யாரும் கேட்காத இசை யாருக்கும் முன்னோடியாக இருக்க முடியாது. சர்மா ஒரு துடிப்பை விரும்பினார், அது போதும். ஜின்ராஜ் ஜோஷிபுரா அப்போது கட்டடக்கலை மாணவர். அவருடைய ‘ஸ்பேஸ் லைனர் 2001’ விண்கப்பல் பயணத்தைக் கற்பனை செய்கிறது. சந்திரனில் மனிதன் இறங்கியதும் இஸ்ரோ பிறந்ததும் 1969தான். விக்ரம் சாராபாயின் ஊரில் ஒரு மாணவன் விண்வெளிக் கனவு காணாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனாலும் இந்தத் துண்டுதான் சீக்கிரம் பழசாகிவிட்டது. எதிர்காலத்தைப் படம்பிடிக்கும் இசைக்கு எப்போதும் அந்தக் கதிதான். மாத்தூரின் பறவைகளுக்கு வயதாகவில்லை.

ஆல்பத்தில் டியூடரின் பங்கு டேப் பின்னூட்டம். ரிக்கார்டரில் பதியும் தலை முதலில், வாசிக்கும் தலை அடுத்து. நாடா நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடி, தலைகளுக்கு இடையே இரண்டு அங்குலம் இருந்தால், ஒலி ஏறக்குறைய கால் நொடி தாமதித்துக் கேட்கும். கேட்டதை மறுபடி பதியும் தலைக்கே அனுப்பினால் அது தன்னைத் தானே தின்று கொழுக்கும். கொஞ்சம் அசந்தால் கூச்சலாகிவிடும். அந்த விளிம்பில் நிறுத்தி வைப்பதுதான் வித்தை, டியூடர் அதில் கைதேர்ந்தவர்.

ஆல்பம் முழுவதும் இதே தரம் என்று சொல்ல மாட்டேன். பல துண்டுகள் முடிந்த படைப்புகள் அல்ல. குமிழைத் திருகினால் என்ன வருகிறது என்று பார்த்த குறிப்பேட்டுப் பக்கங்கள். சாதகம் செய்வதை ஒட்டுக்கேட்கும் சுகம் அதில் உண்டு, கச்சேரியின் நிறைவு இல்லை. கீதா சாராபாயின் பெயரில் இருப்பது மிகக் குறைவு என்பது எனக்கு ஏக்கம். அங்கே பதிவு செய்த இன்னொருவர், அதுல் தேசாய், பாடகர். ஒசாகா எக்ஸ்போ 70 உலகக் கண்காட்சிக்காக அவர் செய்த பதிவு சரித்திரத்துக்கு முக்கியம், இசையாக எனக்கு ஒட்டவில்லை.

நம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் வந்தது வேறு வழியில். பெங்களூர் தந்த எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி, ஸ்ரீநிவாஸின் மின் மாண்டலின், 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கையாண்ட கம்ப்யூட்டர். எல்லாம் பாட்டுக்கு உதவ வந்தவை, நன்றாகவே உதவின. பாட்டு எதுவும் இல்லாமல் ஒலியோடு மட்டும் இருந்து பார்க்க ஓர் அறையும் மூன்று ஆண்டும் கொடுத்தது அகமதாபாத்.

அந்த அறையில் பதிவான இசை மிஞ்சியது, சுருள்களை யாரும் தூக்கிப் போடாததால். ஈரம் ஏறிய நாடாவில் பூஞ்சை பிடிக்கும். பழைய நாடாக்கள் சிலவற்றில் பசை இளகிவிடும். அவற்றை இளஞ்சூட்டில் உலர்த்திய பிறகே ஓட்ட வேண்டும், இல்லையென்றால் ஒலியைத் தாங்கிய பூச்சே உரிந்து வந்துவிடும். உங்கள் கல்லூரியிலோ நாடகக் குழுவிலோ வானொலியில் வேலை பார்த்த பெரியப்பா வீட்டுப் பரணிலோ அப்படிச் சுருள்கள் இருந்தால், எடைக்குப் போடாதீர்கள், ஓட்டிப் பார்க்கவும் அவசரப்படாதீர்கள். கொல்லிமலைத் திருவிழாப் பாட்டுகளைக் கேசட்டில் பிடித்து வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் முதலில் கேளுங்கள்.