சிப்பாய்க்கு எத்தனை கட்டம்?

2022ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, ஆட்டம் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டது என்ற பெருமிதம் நம் பத்திரிகைகளில் வழிந்தது. பூவனூர்ச் சதுரங்க வல்லபநாதரையும் சாட்சிக்கு அழைத்தார்கள். திரும்பி வந்தது எந்த ஆட்டம் என்ற கேள்வியை மட்டும் நான் எங்கும் படிக்கவில்லை.

திருவதிகையில் எங்கள் தெருத் திண்ணைகளில் ஆடியது வேறு. சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுவது கிடையாது. பதிலாக ராஜா, அதுவரை ஒரு முறைகூட செக் வாங்காதிருந்தால், ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரைபோல் தாவிக்கொள்ளலாம். கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் நினைத்தபடி ராணியாகிவிட முடியாது. எந்தக் காய்க்குரிய கட்டத்தில் போய்ச் சேர்ந்ததோ அந்தக் காயாகத்தான் ஆகும். மூலையில் நிற்பதை ஒருவர் யானை என்பார், எதிரே உட்கார்ந்தவர் தேர் என்பார், அதனால் ஆட்டம் நிற்காது. நிதானமான ஆட்டம். படைகள் முட்டிக்கொள்ளவே நேரம் பிடிக்கும். மனப்பாடம் செய்த ஆரம்ப நகர்த்தல்களுக்கு அதில் வேலை குறைவு. ராஜாவின் தாவலைக் கையில் வைத்திருப்பதா, செலவழித்துவிடுவதா என்ற ஒரே கேள்வியில் ஒரு பிற்பகல் போய்விடும். இன்றைய ஆட்டத்தில் அந்தப் பதற்றம் இல்லை. வேறு பதற்றங்கள் உண்டு, அது வேறு விஷயம்.

விதி மாறுவது குற்றமல்ல. அமெரிக்காவில் 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் வெளியிட்ட ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தைப் பார்க்கலாம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை வளர்ப்பார்கள். பகடை உண்டு, தடித்தடியான விதிப்புத்தகங்கள் உண்டு. மதவாதிகளின் எதிர்ப்புக்கு நடுவே 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற பெயர்களே காணாமல் போயின. கவசத்தின் எண் குறையக் குறைய நல்லது என்றிருந்ததை 2000ல் மூன்றாம் பதிப்பு தலைகீழாக்கி, கூடக் கூட நல்லது என்றது. 2008ல் வந்த நான்காம் பதிப்பு பிடிக்காத பலர் பழைய விதிகளோடேயே தங்கிவிட்டார்கள். மறு வருஷம் வேறொரு கம்பெனி அந்த விதிகளைச் செப்பனிட்டு ‘பாத்ஃபைண்டர்’ என்று விற்றது. இதிலெல்லாம் வியாபாரம் பாதி என்பது வெளிப்படை. ஆனால் புதிய பதிப்பு வந்த மறுநாளும் பழையது அலமாரியில் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சண்டை போட இரண்டு புத்தகங்கள் இருந்தன.

நம் ஆட்டத்துக்கு அந்த அலமாரி வாய்க்கவில்லை. 1814ல் பம்பாயில் திருவேங்கடாசாரிய சாஸ்திரி சதுரங்க நிலைகளைச் சமஸ்கிருதத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து அச்சிட்டபோது, ஐரோப்பிய ஆட்டமுறைக்கு இசைவாக்கியது என்பதையும் தலைப்பிலேயே சேர்த்திருந்தார். அச்சில் ஏறும்போதே விதி மாறிவிட்டது. 1913ல் முரே தம் சதுரங்க வரலாற்றில் இந்திய விதிகளுக்கு இடம் கொடுத்தார். அது ஆராய்ச்சியாளனுக்கான புத்தகம், ஆடுகிறவனுக்கானது அல்ல. பஞ்சாபின் மீர் சுல்தான் கான் இந்திய விதிகளில் வளர்ந்தவர். 1929ல் லண்டன் போய் அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932லும் 1933லும் அவரே. ஹேஸ்டிங்ஸில் காப்பபிளாங்காவையே தோற்கடித்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள், ஆட்டத்தின் ஆரம்பக் கட்டத்தில் பலவீனமானவர் என்று தவறாமல் ஒரு வரி எழுதுகிறார்கள். இன்னொரு பதிப்பை ஆடி வந்தவர் என்று எழுத ஏனோ கை வருவதில்லை. 1924ல் பாரிஸில் பிறந்த உலகச் சதுரங்க சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் தந்தது 2024ல். அவர் இறந்து 58 வருஷம் ஆகியிருந்தது.

திருவதிகைக்காரன் என்பதால் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. தருமசேனர் இங்கே திரும்பி வந்து அப்பரானார். பல்லவனும் மாறினான், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து அந்தக் கற்களால் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று பெரிய புராணம் பெருமையோடு சொல்கிறது. அந்தப் பாடலிபுத்திரம் இன்றைய கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் என்பார்கள். கி.பி. 458ல் சர்வநந்தி லோகவிபாகத்தை முடித்த ஊராகவும் அதைச் சொல்கிறார்கள். அந்தப் பிராகிருத மூலமும் இன்றில்லை. பின்னால் சிம்மசூரி சமஸ்கிருதத்தில் செய்ததுதான் மிச்சம். தோற்ற பதிப்பைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பின்வந்த பதிப்பு சொன்னது.

இது பழமை வழிபாடு என்று நண்பர்கள் ஆரம்பிப்பார்கள். திண்ணை ஆட்டம் ஒன்றும் ஆதி ஆட்டம் அல்ல. மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நொண்டிக்கொண்டிருந்த மந்திரி, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில்தான் பலகை முழுக்கப் பாயும் ராணியானது. அந்தப் பாய்ச்சலை நாமும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டோம், மந்திரி என்ற பெயரை மட்டும் விடாமல். யாப்பை விட்டு வந்த புதுக்கவிதைக்காரர்களுக்கு யாப்பருங்கலக் காரிகை புத்தகமாகக் கையில் இருக்கிறது. வேண்டும்போது எடுத்துத் திட்டிக்கொள்ளலாம். திண்ணை ஆட்டத்தைத் திட்டவும் ஒரு பிரதி இல்லை. ஆடியவர்கள் சொல்லக் கேட்டு எழுதிவைத்தால்தான் உண்டு, அவர்களும் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

எழுத உட்கார்ந்தாலும் சுலபமாக முடியாது. ராஜாவுக்குரிய கட்டத்தில் போய்ச் சேர்ந்த சிப்பாய் என்ன ஆகும் என்பதில் எங்கள் தெருவும் பண்ருட்டிக் கடைத்தெருவும் ஒத்துப்போனதே இல்லை. எங்களுக்கு அது மந்திரி. அவர்களுக்கு, கட்டம் மாறும்வரை சிப்பாய்தான்.