மணிக்கணக்கில் அளக்கப்படும் தொண்டு

சென்னைக் கல்லூரி மாணவர் பலருக்குச் சமூகப் பணியின் முதல் வாசல் நாட்டு நலப்பணித் திட்டம். வளாகப் பேச்சில் அது என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டையொட்டி, 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் இது. மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை இன்று இதன் அணி இல்லாத கலை அறிவியல் கல்லூரியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

விதிகள் எளியவை. தொண்டர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஓர் ஆண்டுக்கான 120 மணியில் 20 பயிற்சிக்கு, 30 வளாகப் பணிக்கு, 70 வெளியே மக்களிடையே. இவை தவிர, தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. நூறு பேர் கொண்ட அணிக்குத் திட்ட அலுவலராக இருப்பவர் ஓர் ஆசிரியர். திட்டத்தின் சின்னம் கோனார்க் தேர்ச்சக்கரம். அதன் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தையும், எந்த வேளையிலும் தொண்டர் தயாராக இருப்பதையும் குறிப்பதாக விளக்கம் சொல்வார்கள். சக்கரம் நாள் முழுதும் சுற்றினாலும் பதிவேடு 120 மணியில் மூடிவிடும். திட்டத்தின் பலமும் பலவீனமும் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

முதலில் பலம். மணிக்கணக்கு என்று ஒன்று இருப்பதால்தான் தொண்டு, வசதியுள்ள சிலரின் விருப்பமாகச் சுருங்காமல் பொதுவாகிறது. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட முகாம் கடிதம் ஒன்று போதும். மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே விடாத வீடுகள்கூட மகளை ஒரு வாரம் அனுப்பிவைக்கும். அங்கே அரசுப் பள்ளி வகுப்பறையில் படுத்து, ஐம்பது பேருக்கு உலை வைத்து, ஊராட்சித் தலைவரிடம் தண்ணீர் லாரிக்குச் சொல்லி, மாலைக் கூட்டத்தில் ஒலிவாங்கி முன் முதன்முறையாக நிற்கும் மாணவி எந்த வகுப்பறையும் தராத ஒன்றைப் பெறுகிறார். குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு இதன் மதிப்பு இன்னும் கூடுதல்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. என்ன பணி, எங்கே, எப்போது என்பதை மாணவர் முடிவு செய்வது அரிது. சுற்றறிக்கை வரும், ஜனவரி 25 என்றால் வாக்காளர் நாள் உறுதிமொழி, டிசம்பர் 1 என்றால் எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பேரணி. பதாகை, படம், அறிக்கை என்று நாள் முடிந்துவிடும். தர மதிப்பீட்டுக் குழுவான ‘நாக்’ விரிவாக்கப் பணிகளின் எண்ணிக்கையைக் கேட்பதால், கல்லூரிக்கும் ஆழத்தைவிட எண்ணிக்கையே வசதியாக இருக்கிறது. மாணவர் தலைவர் எனப்படுபவர் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அலைபவராக ஆகிவிடுகிறார். இதை ஒழுங்குப் பயிற்சி எனலாம். தலைமைப் பயிற்சி என்பதற்கு, தவறாகப் போகக்கூடிய ஒரு முடிவையாவது அவர் எடுத்திருக்க வேண்டும்.

அத்தகைய முடிவுகள் எடுக்கப்படும் இடம் தென்சென்னையிலேயே உண்டு. 1988இல் உருவான மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு, ஜனவரி முதல் ஏப்ரல் வரையான பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் மணலில் நடக்கிறது. பங்குனி ஆமை கரையேறி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுச் செல்லும். நாயும் திருடரும் எடுப்பதற்கு முன் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்ற வேண்டும். ஏறத்தாழ 45 முதல் 55 நாள் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விட வேண்டும். தெருவிளக்கை நோக்கித் திரும்பும் குஞ்சு கடலை அடையாது. இங்கே நேரத்தை ஆமை தீர்மானிக்கிறது. தடம் தெரிகிறதா, குழி எங்கே, தொடலாமா என்பதை இருட்டில் நிற்கும் இருபது வயதுக்காரர்தான் சொல்ல வேண்டும். அதோடு, மூத்தவர் இளையவருக்குக் கற்றுக்கொடுத்தே 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்திருக்கிறது, என்.எஸ்.எஸ். அணியிலோ இரண்டு ஆண்டில் ஆட்கள் மாறிவிட, அடுத்த அணி மறுபடி முதல் துடைப்பத்திலிருந்து தொடங்குகிறது.

ஆனால் ஆமை நடையை மாதிரியாகக் காட்டுவோர் கடைசிப் பேருந்தை மறந்துவிடுகிறார்கள். நள்ளிரவுக்குக் கடற்கரையில் நிற்க, பக்கத்தில் வீடோ வண்டியோ வேண்டும். விடுதிக் கதவும் வீட்டாரும் இடம் கொடுக்க வேண்டும். திருவள்ளூரிலிருந்து புறநகர் ரயிலில் வந்து போகும் மாணவிக்கு அது எட்டாது. முகாம் கடிதம் அவருக்கு எட்டும்.

மாணவர் பேரவைத் தேர்தலும் தலைமைக்கு ஒரு வழிதான். மாணவர் தேர்தல்கள் குறித்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளரின் செலவுக்கு 5,000 ரூபாய் வரம்பும் அவற்றில் ஒன்று. எனினும் நகரக் கல்லூரிகள் பலவற்றில் வாக்குப்பெட்டிக்குப் பதில் நிர்வாகத்தின் நியமனம்தான்.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியபோது, யாரும் நியமிக்காமலே இளைஞர்கள் கைபேசிச் செய்திகளை வைத்தே எந்தத் தெருவுக்கு உணவு, எங்கே படகு என்று முடிவு செய்தார்கள். அரிசி மூட்டையைக் கணக்குப் பார்த்துப் பிரிக்கவும், பெரிய உலை வைக்கவும் முகாமில் பழகியவர்களுக்கு அந்தப் பழக்கம் கைகொடுத்திருக்கும். எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதை மட்டும் எந்த முகாமும் அவர்களிடம் கேட்டதில்லை. அந்த வாரம் கல்லூரிகள் மூடியிருந்தன. மணிக்கணக்கு எழுத யாரும் வரவில்லை.