பாடும் பலனும்: வ.உ.சி.யின் ஜேம்ஸ் ஆலனை முன்வைத்து

'பாடுபட்டா முன்னுக்கு வரலாம்' என்பது தூத்துக்குடியில் எல்லோர் வாயிலும் இருக்கிற வாசகம். போன மாதம் பழைய புத்தகக் கடை அண்ணாச்சி ஒருவர் 'மனம் போல வாழ்வு' நூலை என் கையில் வைத்து, "இதப் படிங்க தம்பி. ஒழுங்கா நெனச்சு ஒழுங்கா உழைக்கிறவனுக்கு வறுமை கிடையாது. நம்ம வ.உ.சி.யே சொல்லிருக்காரு" என்றார். 'வ.உ.சி.யே' என்பதில் இருந்த அந்த ஏகாரம்தான் இதை எழுத வைத்தது.

நூலின் மூலம் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903-ல் எழுதியது. ஒருவனுடைய நிலைமைக்கு அவனுடைய எண்ணமே காரணம் என்பது சாரம். ராஜத்துரோக வழக்கில் சிறைப்பட்ட வ.உ.சி. அதைத் தமிழாக்கினார், 1909-ல் வெளிவந்தது. ஆலனை அவர் அதோடு விட்டுவிடவுமில்லை. 'அகமே புறம்' (1914), 'வலிமைக்கு மார்க்கம்' (1916), 'சாந்திக்கு மார்க்கம்' (1934) என்று தொடர்ந்தார். இன்றைய சுயமுன்னேற்றச் சொல்லாடலுக்குத் தமிழில் முன்னோடி தேடினால் ஒரு கைதிதான் அகப்படுகிறார்.

மொழிபெயர்த்தவரின் வாழ்க்கையையும் ஒரு பிரதியாகக் கொண்டு இரண்டையும் சேர்த்து வாசித்தால் என்ன ஆகிறது?

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி. பத்து லட்ச ரூபாய் மூலதனம், பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். ஊர் ஊராய் அலைந்து சேர்த்த பணம். எதிரே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் சும்மா ஏற்றிக்கொண்டு குடையும் கொடுக்க முன்வந்தது என்று இன்றும் சொல்வார்கள். சந்தையின் மொழியில் இதற்குப் பெயர் போட்டி. நஷ்டத்தை எத்தனை நாள் தாங்க முடியும் என்பதில்தான் இந்தப் போட்டி நடந்தது, உழைப்பில் அல்ல. அப்படியும் சந்தேகம் தீராமல் அரசாங்கம் 1908-ல் அவரைப் பிடித்து உள்ளே போட்டது. 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 கடைசியில் வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னது கிடையாது. சென்னையில் அரிசி, நெய் விற்றுப் பிழைத்தார். இவர் உழைக்கவில்லை என்றோ இவர் எண்ணத்தில் கோளாறு என்றோ யார் சொல்லத் துணிவார்? துறைமுகத்துக்கு அவர் பெயரை வைத்ததே 2011-ல்தான்.

இன்னொரு சம்பவம். 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தூண்டியவர்களில் முதன்மையானவர் வ.உ.சி. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கவனியுங்கள்: அத்தனை வருஷம் உழைத்ததால் உயராத கூலி, உழைப்பை நிறுத்தியதால் உயர்ந்தது. உழைப்புக்கு விலை வைப்பவர் யார் என்ற கேள்வி எழுந்த பிறகுதான் விலை மாறியது.

அப்படியானால் அடுத்த ஆண்டே ஆலன் எதற்கு? இதை முரண்பாடு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. செக்கிழுக்க வைக்கப்பட்டவனிடம் அவன் வசத்தில் மிச்சமிருப்பது மனம் ஒன்றுதான். அங்கே அந்த நூல் பொருளாதாரம் பேசவில்லை. உடைந்துபோகாமல் இருக்க வழி சொன்னது. சிறைச்சுவரைக் கழற்றிவிட்டு அதே வாக்கியத்தைக் கூலிக்காரனிடம் நீட்டும்போது அர்த்தம் தலைகீழாகிறது. 'உன் வறுமைக்கு நீயே காரணம்' என்றாகிவிடுகிறது.

"நாடார் வியாபாரிகள் உழைச்சுத்தானே வந்தாங்க?" என்பது அண்ணாச்சியின் அடுத்த வாதம். உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கூடவே உறவின்முறை இருந்தது, மகமை என்ற பொதுநிதி இருந்தது. 1921-ல் இதே ஊரில் நாடார் வங்கி வந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். தனிமனித உழைப்பின் வெற்றி என்று சொல்லப்படுகிற கதையில் ஊர்கூடிப் போட்ட முதல் மறைக்கப்படுகிறது.

கடற்கரையில் மீன் கிடைப்பதை 'மீன்பாடு' என்பார்கள். படுகிற துன்பமும் பாடு, கிடைக்கிற பலனும் பாடு. மொழி சேர்த்துவைத்ததை வாழ்க்கை பிரித்துவிடுகிறது. வெள்ளைக்காரன் காலத்து முத்துச் சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மூச்சடக்கி இறங்கியவனுக்கு மூன்றில் ஒன்று. அதிலும் முத்து இருக்குமா என்பது அதிர்ஷ்டம். 1961-க்குப் பிறகு இங்கே சலாபமே நடக்கவில்லை. மூச்சடக்கும் திறமை மறு வருஷமும் அப்படியேதான் இருந்திருக்கும். குளிக்கச் சிப்பி இல்லை.

என் அம்மா இருபத்தைந்து வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்தாள். விடியுமுன் போவாள். மழைக்காலத்தில் வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. மற்ற நாளில் கண்ணெரிச்சலோடு திரும்புவாள். அவள் எண்ணத்தில் எந்தக் குறையும் எனக்குத் தெரிந்ததில்லை. இன்றுவரை எங்களுக்குச் சொந்தமாக ஒரு பாத்தி கிடையாது.

புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சியிடம் சொன்னது இவ்வளவுதான்: "1909-ஐ வாசிக்கிறவங்க 1908-ஐயும் சேத்து வாசிக்கணும் அண்ணாச்சி."