வலப்பக்கமே நகரும் விரல்

நண்பகல் வேளையில் சத்துவாச்சாரி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒருவரை நிறுத்திப் படம் எடுத்தால் கண்குழியும் மூக்கடியும் கறுத்துப் போகும். பின்னாலிருக்கும் வானம் வெளுத்துவிடும். வேலூர் வெயில் அப்படி. நேரில் நிற்கும் நமக்கோ முகமும் வானமும் சேர்ந்தே தெரிகின்றன. கண் சமாளிக்கும் அந்த ஏற்றத்தாழ்வை கேமராவின் சென்சாரால் ஒரே சொடுக்கில் பிடிக்க முடியாது. அதனால் போனில் படத்தின் வெளிச்சத்தைத் திருத்துவதை ஏமாற்று வேலை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2013-ல் நெக்ஸஸ் 5 போனில் கூகுள் கொண்டுவந்த எச்டிஆர் பிளஸ், சற்று இருட்டாகப் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்து, நிழலை மட்டும் தூக்கிக் கொடுத்தது. ஸ்னாப்சீடு போன்ற இலவசச் செயலிகளில் வெளிச்சக் கோட்டை விரலால் இழுத்து அதே வேலையைச் செய்யலாம்; வலப்பக்கம் இழுத்தால் வெளிச்சம் கூடும், இடப்பக்கம் இழுத்தால் குறையும். ஒருகாலத்தில் ஸ்டுடியோக்காரரின் இருட்டறைக்குள் மட்டும் இருந்த வித்தை இது.

என் குறை வேறு. விரல் எப்போதும் வலப்பக்கமே போகிறது. வெளிச்சம் கூடினால் படம் நன்றாகிவிட்டது என்ற முடிவு பழக்கமாகிவிட்டது.

அது எங்கே இடிக்கும் என்பது ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல்காரர்களுக்குத் தெரியும். கறுப்புத் தோல் ஒன்றைத் திரை நிறையும்படி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் அது சாம்பலாக வரும். வெள்ளைத் தோலும் மங்கிச் சாம்பல் பக்கம் சாயும். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சமாக்கப் பார்ப்பதே தானியங்கி அளவீட்டின் குணம். பழுப்பு நிரம்பிய படத்தை, மஞ்சள் விளக்கில் எடுத்தது என்று எண்ணி நீலம் கலந்துவிடுவதும் உண்டு. ஆகவே கறுப்பின் உண்மையான ஷேடு வேண்டுமானால் இடப்பக்கம் இழுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுத்தால் எவ்வளவு இழுப்பது என்பதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஷேடாவது பரவாயில்லை, மேற்பரப்பு இன்னும் மோசம். உண்ணி கடித்த தழும்பும் முள் கீறலும் கண்ணில் படுவது அவற்றின் ஓரத்தில் விழும் மெல்லிய நிழலால்தான். தரம் பிரிப்பவர் தோலை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது அதற்காகவே. 'ஷேடோஸ்' கோட்டை ஏற்றினால் அந்த நிழல் கரைந்து, மூன்றாம் தரம் முதல் தரம்போல் மினுக்கும். வாங்குபவருக்குப் படத்தை அனுப்பியவர் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார். படம் பளிச்சென்று இருக்கட்டும் என்றுதான் செய்திருப்பார். வாங்குபவருக்கு இரண்டும் ஒன்றே. தவிர, டியூப்லைட்டில் ஒத்துப்போன இரண்டு துண்டுகள் பகலில் வேறு வேறாகத் தெரிவது தொழிலில் தெரிந்த தலைவலி. அதற்கு வெவ்வேறு விளக்கொளியில் நிறத்தை ஒப்பிடும் லைட் பாக்ஸ் வேண்டும், செயலியில் மருந்தில்லை. வாட்ஸ்அப்பில் எத்தனை படம் போனாலும் ஷேடு ஒப்புதலுக்குத் தோல் துண்டே கூரியரில் போவதன் நியாயம் இதுதான்.

பழுப்போடு கேமராவுக்கு இருக்கும் சண்டை பழையது. கோடாக் நிறுவனம் வண்ணத்தைச் சரிபார்க்க நெடுங்காலம் வைத்திருந்த 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அடர்நிறங்களை அதன் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்று மரச்சாமான், சாக்லேட் தயாரிப்பாளர்கள் முறையிட்ட பிறகே திருத்தம் வந்தது என்பார்கள். கறுத்த மனிதர்களின் குறை அதுவரை யார் காதிலும் ஏறவில்லை. 2021-ல் பிக்சல் 6 போனில் 'ரியல் டோன்' என்று கூகுள் இதற்கென்றே ஒரு வசதி கொடுத்தது. ஆனால் நம் கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகத்தை இரண்டு ஷேடு ஏற்றுவதற்கு எந்த நிறுவனத்தையும் குறைசொல்ல முடியாது. கன்னத்து நிழல் போனால் முகத்தின் வடிவமும் போகிறது. நெற்றிச்சுட்டிக்கு இருக்கும் ஆழம்கூட முகத்துக்கு இருப்பதில்லை.

திருத்தத்தை எடுத்த பிறகு செய்வதைவிட எடுக்கும்போதே செய்வது மேல். திரையில் முகத்தைத் தொட்டால் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு எடுக்கலாம். இருண்ட பகுதியைப் பிறகு தூக்கினால் புள்ளி புள்ளியாகப் பிசிறடிக்கும், ஆனாலும் ஏதோ கிடைக்கும். முற்றிலும் வெளுத்துப்போன இடத்தில் தகவலே பதிவாகியிருக்காது. எந்தக் கோட்டை எந்தப் பக்கம் இழுத்தாலும் அங்கிருந்து ஒன்றும் வராது.