பிரம்மாவுக்குக் கோயில் இல்லை

திருவண்ணாமலையின் தலபுராணமே ஒரு பொய்யைச் சுற்றித்தான் நடக்கிறது. அடிமுடி காணமுடியாத நெருப்புத் தூணின் முடியைக் கண்டுவிட்டதாகப் பிரம்மா சொன்னார், தாழம்பூ அதற்குச் சாட்சி சொன்னது. பிரம்மாவுக்குப் பூமியில் கோயில் இல்லை, தாழம்பூவுக்குச் சிவபூசையில் இடமில்லை என்று தீர்ப்பானது. (திருச்சிப் பக்கம் திருப்பட்டூரில் பிரம்மாவுக்குச் சந்நிதி இருப்பது வேறு கதை.) ஆனால் படைப்புத் தொழிலை அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. மறைந்த விஞ்ஞானிகளின் ஒழுக்கத்தை எடைபோடும் இன்றைய வழக்கத்தை உரசிப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடைக்காது. இந்தத் தீர்ப்பு தொழிலையும் கோயிலையும் பிரித்துப் பார்க்கிறது, சாட்சியையும் விட்டுவிடவில்லை.

நம் வீட்டு வழக்கு சி.வி. ராமனுடையது. 1930-ல் நோபல் பெற்றவர், 1933-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அதே ஆண்டு, பம்பாயில் பட்டப்படிப்பை முதலிடத்தில் முடித்த கமலா பாக்வத் (பின்னாளில் கமலா சோஹோனி) அங்கே ஆய்வு மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் ராமன் மறுத்தார். கமலா சத்தியாகிரகத்தில் இறங்கினார். ஓராண்டு சோதனைக் காலம், ஆண் மாணவர்களின் கவனம் கலையக் கூடாது என்ற நிபந்தனைகளோடு அவருக்கு இடம் கிடைத்தது. ‘அந்தக் காலம் அப்படி’ என்று ராமனுக்காக வாதாடுபவர்கள் உண்டு. எந்தக் காலம்? முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றது 1912-ல், சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானது 1927-ல். கல்கத்தாவில் இயற்பியலாளர் தேவேந்திர மோகன் போஸ், பிபா சௌத்ரி என்ற பெண்ணோடு சேர்ந்து காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து, இருவர் பெயரிலும் கட்டுரை வெளியிட்டதற்கும் 1933-க்கும் இடையே பத்தாண்டுகூட இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இயக்குநர் அறை வாசலில் நின்று இது அநியாயம் என்று சொன்ன கமலாவும் அதே காலத்தவர்தான். காலத்தின் மேல் பழிபோடும்போது, நாற்காலியில் இருந்தவரின் காலத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். இறந்தவர் வந்து பதில் சொல்ல முடியாது என்ற வாதமும் நிற்காது. கமலா தனக்கு நடந்ததை முதுமையில் பொது மேடையில் சொன்னார், அவரும் இன்று இல்லை.

ஆனாலும் எடைபோடும் இந்த வழக்கத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. தனிமனிதரைக் கூண்டில் ஏற்றியதும் மற்ற எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ராமன் பிறகு தன் ஆய்வுக்கூடத்தில் பெண்களைச் சேர்த்தார், 1940-ல் வந்த அன்னா மணி அவர்களில் ஒருவர். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு பற்றி 1942-க்கும் 1945-க்கும் இடையே தனியாக ஐந்து கட்டுரைகள் எழுதி, ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டத்தை மறுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். அதையும் ராமன் கணக்கில் எழுதினால் அந்த விதியும் அதைக் காத்த அலுவலகமும் சுத்தமாகத் தப்பித்துக்கொள்ளும். தாழம்பூவைத் தண்டிக்க மறந்த தீர்ப்பு அது. இன்னொரு குறை எனக்கு இதைவிடக் கசக்கிறது. கமலா சோஹோனி என்றால் ‘ராமன் மறுத்த பெண்’ என்றே அறிமுகம் செய்கிறோம். அவர் தாவரத் திசுக்களில் சைட்டோகுரோம் சி இருப்பதைக் கண்டார், 1939-ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார், நாடு திரும்பிப் பதநீரின் ஊட்டச்சத்தை ஆராய்ந்தார். பனையும் பதநீரும் தெரிந்த நம் ஊர்களில்கூட இது தெரியாது. ராமனைக் கண்டிக்கும் கட்டுரையிலும் கதாநாயகன் ராமன்தான்!

பிழைகளைச் சொன்னால் பிள்ளைகளுக்கு அறிவியல் மேல் மதிப்புப் போய்விடும் என்ற அச்சம் தேவையற்றது. ராமன் விளைவு ராமனின் குணத்தைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. பிப்ரவரி 28 அறிவியல் நாளில் மாலை போட ஒரு படம் போதும் என்று நினைப்பதுதான் கோயில் கட்டும் வேலை. 1928-ல் அந்தக் கண்டுபிடிப்பை ‘நேச்சர்’ இதழுக்கு எழுதியபோது ராமனோடு கையெழுத்திட்ட வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனின் படம் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது? பாடநூலில் ராமனின் பெயர் இருக்கட்டும், கமலாவுக்கு நடந்ததும் அதே பக்கத்தில் இருக்கட்டும். அன்னா மணி 2001-ல் காலமானார். பட்டம் கிடைக்காத அவருடைய ஆய்வேடு பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில், பட்டம் பெற்ற ஆய்வேடுகளோடு, பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி இருக்கிறது.